ரிப்போர்ட்டில் ஈ.ஆர். 8/8 என்று இருக்கிறது, வருத்தம் முற்றிவிட்டதா?

தாழங்குடா_மகள்

அம்மாவுக்கு 58 வயது. போன வருடம் இடது மார்பில் கட்டி என்று தெரிந்து ஒப்பரேஷன், மறுகா கீமோ, மறுகா கதிர்ச்சிகிச்சை என்று எல்லாம் ஒருவழியாக முடிந்து இப்போது தினமும் ஒரு லெட்ரோசோல் குளிசை மட்டும்தான். கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த ரிப்போர்ட்டைப் போன கிழமை வீட்டுக்கு வந்த பெரியம்மாவின் மருமகன் எடுத்து வாசித்துவிட்டு, "ஈ.ஆர். எட்டுக்கு எட்டு, பி.ஆர். எட்டுக்கு ஆறு, இதற்கு மேல் போக இடமில்லை, வருத்தம் முற்றிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து வீடு செத்த வீடு மாதிரிக் கிடக்கிறது. ஹெர்2 என்ற இடத்தில் 1+ என்று இருக்கிறது, அதுவும் என்னவென்று எங்களுக்கு விளங்கவில்லை.

இன்னொன்று, அம்மா பன்பாய் இழைக்கிறவர். இந்தக் குளிசை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே காலையில் எழும்பினால் விரல் மடங்குவதில்லை, சுடுதண்ணிச் சட்டிக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு குசினியில் குந்தியிருப்பார், அதற்குப் பிறகுதான் தேத்தண்ணிக் கோப்பையையே பிடிக்க முடியும். "முற்றின வருத்தத்துக்குக் குளிசை எதற்கு, கையாவது மிஞ்சட்டும்" என்று நிறுத்தப் பார்க்கிறார். கிளினிக் திகதிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நிறுத்தினால் என்ன நடக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆய்வுகூடத்_தம்பி

அக்கா, முதல் வேலையாகப் பெரியம்மாவின் மருமகனுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள், அந்த எட்டு நோயின் கட்டம் இல்லை. திசுக்களைச் சோதிக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன் நான். இந்த இலக்கத்தைப் பார்த்துப் பயந்து வருகிறவர்களை அடிக்கடி காண்கிறேன், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

ஒப்பரேஷனில் எடுத்த கட்டி ஃபோர்மலினில் ஊறி, மெழுகுக்குள் பதிக்கப்பட்டு ஒரு சின்னக் கட்டையாக எங்களிடம் இருக்கும். அதைத் தலைமயிரை விடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டி, ஈ.ஆர். எனப்படும் ஈஸ்ட்ரோஜன் வாங்கியை (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) மட்டும் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் பிறபொருளெதிரியை அதன் மேல் விடுவோம். வாங்கி இருக்கிற கலத்தின் கரு மண்ணிறமாகும், இல்லாதது நீலமாகவே இருக்கும். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் சில கட்டிகளில் வரிசை வரிசையாகக் கடும் மண்ணிறப் புள்ளிகள் தெரியும், சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது.

பார்க்கிற டொக்டர் அதற்கு இரண்டு புள்ளி போடுவார். எத்தனை பங்கு கலம் நிறம் பிடித்தது என்பதற்கு 0 முதல் 5 வரை, எவ்வளவு கடுமையாகப் பிடித்தது என்பதற்கு 0 முதல் 3 வரை. இரண்டையும் கூட்டினால் ஆகக்கூடியது 8. இதற்கு ஆல்ரெட் புள்ளி என்று பெயர். 3 வந்தாலே பொசிட்டிவ்தான். உங்கள் அம்மாவுக்கு 8 என்றால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட கலங்கள் கடுமையாக நிறம் பிடித்திருக்கின்றன. அதாவது அந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்ந்த கட்டி, ஈஸ்ட்ரோஜனை மறித்தால் அதற்கு அடிவிழும். இது உங்கள் பக்கம் நிற்கிற இலக்கம்.

நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைக் கட்டியின் அளவு, கமக்கட்டு நெறிக்கட்டிகளில் இருந்ததா, வேறு உறுப்புக்குப் போயிருந்ததா என்பதை வைத்துத்தான் சொல்வார்கள். அது அதே ரிப்போர்ட்டில் வேறு வரியில் இருக்கும், இல்லாவிட்டால் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கும். ஹெர்2 என்பது கலத்தின் மேற்பரப்பில் இருந்து வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு வாங்கி. அது 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பொசிட்டிவ், 2+ என்றால் இன்னொரு சோதனை செய்துதான் முடிவு சொல்லலாம். அம்மாவுக்கு 1+ தானே, ஹெர்2வை மறிக்கும் ட்ராஸ்டுசுமாப் ஊசி தேவைப்படாதது அதனால்தான்.

களுவாஞ்சி_சேர்

மகள், தம்பி எழுதியது சரி. நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன், என் துணைவியாருக்கும் இதே வகைதான், அதனால் நிறைய வாசித்திருக்கிறேன்.

வாங்கி என்பது கலத்தின் கருவுக்குள் இருக்கிற ஒரு புரதம். ஈஸ்ட்ரோஜன் இரத்தத்தில் வந்து கலத்துக்குள் நுழைந்து அந்தப் புரதத்தோடு சேர்ந்தால், இரண்டும் டி.என்.ஏ.யில் போய் நின்று "பிரி, பெருகு" என்று உத்தரவு கொடுக்கிற பரம்பரை அலகுகளைத் திறந்துவிடும். பி.ஆர். என்று எழுதியிருக்கும் புரோஜெஸ்தரோன் வாங்கியும் அப்படித் திறக்கப்படுகிறவற்றில் ஒன்றுதான், ஆகவே பி.ஆர். 6 இருக்கிறது என்றால் ஈஸ்ட்ரோஜன் பாதை அந்தக் கட்டியில் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்கு அது சாட்சி.

குளிசைகள் இதை இரண்டு விதமாக மறிக்கின்றன. கல்முனை பஸ்ஸில் சீற்றில் துவாயைப் போட்டு இடம் பிடிப்பது போல டமொக்சிபன் அந்த வாங்கியில் போய் உட்கார்ந்துவிடும், ஈஸ்ட்ரோஜன் வந்தாலும் இருக்க இடமில்லை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல், எக்செமெஸ்டேன் மூன்றும் வேறு வழி. தீட்டு நின்ற பிறகு சூலகம் ஈஸ்ட்ரோஜன் செய்வதில்லை, ஆனால் உடம்புக் கொழுப்பிலும் தசையிலும் அரோமற்றேஸ் என்ற நொதியம் வேறு ஹோர்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொண்டே இருக்கும். இந்தக் குளிசைகள் அந்த நொதியத்தை நிறுத்துகின்றன. தீட்டு நின்ற பெண்களுக்கு நிறை கூடாமல் பார்க்கச் சொல்வதும் இதனால்தான்.

இந்த அறிவு வந்த கதையும் பெரியது. 1896இல் கிளாஸ்கோவில் ஜோர்ஜ் பீற்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், முற்றிய மார்பகப் புற்றுநோயுள்ள பெண்களின் சூலகங்களை அகற்றினால் சிலருக்குக் கட்டி சுருங்குகிறது என்று எழுதினார். ஏன் சிலருக்கு மட்டும் என்பதற்கு 60 வருடத்துக்கு மேல் பதில் இல்லை. 1950களின் இறுதியில் சிக்காகோவில் எல்வூட் ஜென்சன் கதிர்வீச்சு அடையாளமிட்ட ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்து அது எந்தத் திசுவில் தங்குகிறது என்று தேடிப் போனபோதுதான் வாங்கி என்ற ஒன்று பிடிபட்டது. டமொக்சிபனோ முதலில் கருத்தடைக்காகச் செய்யப்பட்ட மருந்து. அதற்கு அது உதவவில்லை. கிரேக் ஜோர்டன் போன்றவர்கள் விடாமல் ஆராய்ந்துதான் இன்று இலட்சக்கணக்கான பெண்களைக் காக்கும் மருந்தாக நிற்கிறது. எந்தக் கட்டிக்கு மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே தெரியாமல் சூலகத்தை வெட்டிப் பார்த்த காலத்தை நினைத்தால், உங்கள் அம்மாவின் கொப்பிக்குள் இருக்கிற அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றும்.

ஆரையம்பதி_அக்கா

தங்கச்சி, நானும் ஈ.ஆர். பொசிட்டிவ். எனக்கு வந்தது தீட்டு நிற்கிறதுக்கு முதல், அதனால் டமொக்சிபன் 20 மில்லிகிராம். உடம்பு திடீரென்று தீப்பிடித்த மாதிரிக் கொதிக்கும், கோயிலில் பூசைக்கு நிற்கும்போது வேர்த்து ஊற்றிச் சீலை நனைந்துவிடும், அருகில் நிற்கிறவர்கள் என்ன என்று பார்ப்பார்கள். இரவில் நித்திரை இல்லை. நிறுத்த வேண்டும் என்று எனக்கும் வந்தது, அதனால் உங்கள் அம்மாவின் மனம் எனக்கு நன்றாகத் தெரியும்.

என்னை நிறுத்தவிடாமல் பிடித்தது கிளினிக்கில் ஒரு டொக்டர் உட்காரவைத்துச் சொன்ன கணக்கு. ஈ.ஆர். பொசிட்டிவ் உள்ளவர்கள் 5 வருடம் டமொக்சிபன் ஒழுங்காகப் போட்டால், அந்த 5 வருடத்துக்குள் நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது, 15 வருடம் வரை பார்த்தால் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, குளிசை முடிந்த பிறகும் அந்தப் பலன் கூட வருகிறது. இது ஒரு ஆஸ்பத்திரியின் கணக்கு இல்லை, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்களைத் தொடர்ந்து பார்த்து வந்த முடிவு. உங்கள் அம்மா போடுகிற வகைக் குளிசை, தீட்டு நின்றவர்களுக்கு டமொக்சிபனை விடவும் கொஞ்சம் கூடுதலாகக் கைகொடுக்கிறது.

இந்த வகை அவசரப்படாது. 10 வருடம் கழித்து, 15 வருடம் கழித்துக்கூட எலும்பிலோ ஈரலிலோ எழும்பலாம். அதனால்தான் சிலருக்கு 10 வருடம் வரை நீட்டுகிறார்கள். கட்டியைத்தான் வெட்டி எடுத்தாயிற்றே, இனி எதற்கு என்று கேட்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

திருக்கோவில்_பெரியதம்பி

நான் சொல்வதை யாரும் கோபிக்க வேண்டாம். எங்கள் ஊரில் ஒருவருக்கு அன்னமுன்னா இலை அவித்துக் கொடுத்துத்தான் சுகம் வந்தது. இங்கிலீஸ் மருந்து உடம்பைக் கெடுக்கும் என்பது அந்த அம்மாவின் கையைப் பார்த்தாலே தெரிகிறது. கொஞ்ச நாள் குளிசையை நிறுத்திவிட்டு இதைக் குடித்துப் பார்க்கலாமே.

கல்முனைத்_தாதி

பெரியதம்பி அண்ணா, நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் வார்ட்டில் நிற்கிறவள். இப்படி நிறுத்திவிட்டு, மறுகா முதுகு நோ என்று தூக்கிக்கொண்டு வந்து, முள்ளந்தண்டில் பரவியிருப்பதைப் படம் பிடித்துக் கண்ட அக்காமாரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலருக்கு ரிப்போர்ட்டில் இதே 8 தான். மருந்து கேட்கக்கூடிய நோயை வைத்துக்கொண்டு மருந்தை விட்டவர்கள். அன்னமுன்னா இலை ஆய்வுகூடக் கண்ணாடிப் பாத்திரத்தில் கலங்களைக் கொன்றிருக்கலாம், மனிதரில் மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் ஊரில் சுகம் வந்தவர் ஒப்பரேஷனும் செய்தாரா, அவருடைய ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

தாழங்குடாத் தங்கச்சி, அம்மாவின் விரல் பிரச்சினை உண்மையான பிரச்சினை, "பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லித் தள்ள வேண்டியது இல்லை. லெட்ரோசோல் வகைக் குளிசைகளில் மூட்டு இறுக்கம் மிகப் பரவலான முறைப்பாடுகளில் ஒன்று. ஈஸ்ட்ரோஜன் இறங்குவதால் வருவது, வாதம் வந்து மூட்டுத் தேய்கிறது இல்லை. செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. நடை, கை விரல் பயிற்சி என்று உடம்பை அசைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு நோ குறைகிறது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பரசிற்றமோல் போடலாமா என்று கேட்கலாம். அதுவும் சரிவராவிட்டால் டொக்டர் அதே வகையில் வேறு குளிசைக்கு மாற்றுவார், ஒன்றில் நோ இருந்தவருக்கு மற்றதில் இல்லாமல் போவது உண்டு. அதுவும் முடியாவிட்டால் டமொக்சிபன் இருக்கிறது. இப்படி இத்தனை வழி இருக்கும்போது வீட்டில் தானாக நிறுத்திவிட்டு, கிளினிக்கில் கேட்டால் "போடுகிறேன்" என்று தலையாட்டுகிறார்களே, அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. திகதி வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை, கொப்பியோடு முந்திப் போய்க் கதையுங்கள்.

எலும்பையும் கேளுங்கள். இந்த வகைக் குளிசை எலும்பை மெலிய வைக்கும். எலும்பு அடர்த்தி பார்க்க வேண்டுமா, கல்சியமும் விற்றமின் டியும் தேவையா என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள், கிளினிக்கில் சனம் கூடினால் விடுபட்டுப் போகும்.

காத்தான்குடி_ராத்தா

எல்லோரும் எட்டு நல்லது என்கிறீர்கள். என் தங்கச்சிக்கு 34 வயது, ரிப்போர்ட்டில் ஈ.ஆர். 0, பி.ஆர். 0, ஹெர்2 0. மூன்றும் இல்லாததால் மருந்தே இல்லையாம் என்று உம்மா அழுகிறா. இரண்டு சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன செய்கிறது?

ஆய்வுகூடத்_தம்பி

ராத்தா, மருந்தே இல்லை என்பது சரியே இல்லை. மூன்றும் நெகட்டிவ் என்றால் ஹோர்மோன் குளிசையும் ஹெர்2 ஊசியும் வேலை செய்யாது, அவ்வளவுதான். வேகமாகப் பெருகும் கலங்களைத்தான் கீமோ தாக்குகிறது, இந்த வகை வேகமாகப் பெருகுவதால் பலருக்குக் கீமோ நன்றாகவே கேட்கிறது. ஒப்பரேஷனுக்கு முன்னாலேயே கீமோ கொடுத்து, எடுத்துப் பார்க்கும்போது கட்டி இருந்த இடத்தில் புற்றுக்கலமே இல்லாமல் போயிருப்பதும் உண்டு. அப்படி வந்தவர்களுக்கு எதிர்காலம் நல்லது.

கல்முனைத்_தாதி

நானும் ஒன்று சேர்க்கிறேன். இந்த வகை திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 3 வருடத்துக்குள்தான். 5 வருடம் தாண்டிவிட்டால் திரும்பும் வாய்ப்பு நன்றாகக் குறைந்துவிடும், எட்டுப் புள்ளி வகை மாதிரி நீண்ட காலம் பதுங்கியிருப்பது குறைவு. அதனால் இப்போது ஒரு கீமோவும் தவறாமல் எடுக்க வைப்பதுதான் நீங்கள் தங்கச்சிக்குச் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி. பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை, வாகனம் இல்லை என்று ஒரு தவணை தள்ளிப் போக விடாதீர்கள், அந்தப் பொறுப்பை உம்மாவும் நீங்களும் மச்சானும் பிரித்து எடுங்கள். அப்புறம், இந்த வயதில் இந்த வகை என்றால் பி.ஆர்.சி.ஏ. என்ற பரம்பரை அலகில் மாற்றம் இருக்கலாம். குடும்பத்தில் வேறு யாருக்காவது மார்பிலோ சூலகத்திலோ புற்றுநோய் வந்திருந்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அது உங்களுக்கும் தேவையான தகவல்.

பொத்துவில்_வாசகன்

மனைவிக்கு 41 வயது. இப்போதுதான் ஒப்பரேஷன் முடிந்தது. ஈ.ஆர். 7/8, ஹெர்2 2+. கீமோ எப்போது, ஊசி உண்டா என்று கேட்டால் இன்னொரு ரிப்போர்ட் வரட்டும் என்கிறார்கள். ஏன் இந்தத் தாமதம்? மற்றது, பிறகு டமொக்சிபன்தான் என்றார்கள். தாழங்குடா அம்மாவுக்குக் கொடுக்கிற குளிசை கூடுதல் நல்லது என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே, அதைக் கேட்டு வாங்கலாமா? நோன்பு காலமும் வரப்போகிறது, எப்படிப் போடுவது?

ஆய்வுகூடத்_தம்பி

2+ என்பது நடுவில் நிற்கிற விடை. ஹெர்2 பரம்பரை அலகு உண்மையாகவே பெருகியிருக்கிறதா என்று ஃபிஷ் அல்லது அது போன்ற சோதனையில் எண்ணிப் பார்க்க வேண்டும். அதைச் செய்யும் இடங்கள் குறைவு, மெழுகுக் கட்டையை அனுப்பி விடை வர நேரம் எடுக்கும். அந்த விடையில்தான் ட்ராஸ்டுசுமாப் ஊசி வேண்டுமா இல்லையா என்பது தங்கியிருக்கிறது. விலை கூடிய ஊசி, இதயத்தையும் கவனித்துக்கொண்டு கொடுக்க வேண்டியது, ஊகத்தில் தொடங்க மாட்டார்கள். ஆனால் கட்டை அனுப்பப்பட்டுவிட்டதா, எந்தத் திகதியில் அனுப்பினார்கள் என்று நீங்கள் கேட்டுத் தொடருங்கள், அது உங்கள் உரிமை.

கல்முனைத்_தாதி

பொத்துவில் அண்ணா, லெட்ரோசோலைக் கேட்டு வாங்க வேண்டாம். அது தீட்டு நின்றவர்களுக்கு. சூலகம் வேலை செய்துகொண்டிருக்கும்போது தனியாகக் கொடுத்தால் மூளை சூலகத்தை இன்னும் தூண்டிவிடும். பிள்ளை இல்லாதவர்களுக்கு முட்டை வளர்வதற்குக் கொடுப்பதும் இதே லெட்ரோசோல்தான் என்றால் யோசித்துப் பாருங்கள். கீமோவில் தீட்டு நின்றாலும் அதை நம்ப முடியாது, பல மாதம் கழித்தும் திரும்பி வரும். 41 வயதுக்காரருக்கு அந்த வகைக் குளிசை தேவை என்று டொக்டர் நினைத்தால், சூலகத்தை அடக்க கொசெரெலின் ஊசியை 28 நாளைக்கு ஒரு தடவை சேர்த்துக் கொடுத்துத்தான் போடுவார்.

இதை எல்லோரும் கவனமாக வாசியுங்கள், எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. ஈ.ஆர். அல்லது பி.ஆர். பொசிட்டிவ் உள்ள பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசை, மூன்று மாத ஊசி, கையில் வைக்கும் குச்சி எதுவும் கூடாது, அவற்றில் இருப்பது ஹோர்மோன். டமொக்சிபன் போடும் காலத்தில் பிள்ளை தங்கவும் கூடாது, சிசுவுக்குக் கெடுதி. ஹோர்மோன் இல்லாத செப்பு லூப்பும் ஆணுறையும் இருக்கின்றன. வீட்டுக்கு வரும் மிட்வைப் மிஸ்ஸிடம் வருத்தத்தை மறைத்துவிட்டு வழமையான ஊசியைப் போட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வெட்கப்பட்டு மறைக்கிற இடம் அது இல்லை. பிறகு பிள்ளை வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது, குறிப்பிட்ட காலம் போட்ட பிறகு டொக்டரின் மேற்பார்வையில் இடைநிறுத்திப் பெற்றுவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள்.

நோன்புக்குப் பயப்பட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு குளிசைதானே, நோன்பு திறந்த பிறகோ சஹரிலோ ஒரே நேரத்தில் போட்டால் போதும். டமொக்சிபன் உடம்பில் நாட்கணக்காகத் தங்கும் மருந்து, ஒரு சில மணித்தியாலம் முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது. கீமோ நடக்கும்போது நோன்பு பிடிக்கலாமா என்பது வேறு கேள்வி, அதை டொக்டரிடமே கேளுங்கள்.

அக்கரைப்பற்று_பார்மசி

பார்மசி வைத்திருக்கிறேன். டமொக்சிபன் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். அந்த மருந்து ஈரலில் எண்டொக்சிபன் என்ற பொருளாக மாறின பிறகுதான் முழுப் பலமும் காட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற ஃப்ளுவோக்செட்டின், பரொக்செட்டின் இரண்டும் அந்த மாற்றத்தைத் தடுக்கும். வருத்தம் வந்த பிறகு மனம் உடைந்து வேறு டொக்டரிடம் போய் அந்தக் குளிசை எடுக்கிறவர்கள் நிறைய, இரண்டு சிட்டையும் ஒருவர் கண்ணில் படாமல் போய்விடும். உடனே நிறுத்தச் சொல்லவில்லை, இரண்டு பக்கமும் சொல்லுங்கள், வெனலபக்சின் போல மாற்று இருக்கிறது.

இன்னொன்று, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் குளிசையின் நிறமும் பெட்டியும் அடிக்கடி மாறும். நிறம் மாறியதும் வேறு மருந்து என்று எறிந்துவிட்டு இருக்கிறவர்கள் உண்டு. மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள், லெட்ரோசோல் 2.5, அனஸ்ட்ரோசோல் 1, டமொக்சிபன் 20. 10 மில்லிகிராம் டமொக்சிபன் தந்தால் இரண்டு போட வேண்டும், கேட்டு உறுதிப்படுத்துங்கள். 2022 நெருக்கடியில் மருந்து தட்டுப்பட்டபோது பலர் அப்படியே விட்டுவிட்டார்கள். இவை காப்புரிமை முடிந்த பழைய மருந்துகள், ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இல்லாவிட்டால் வெளியில் வாங்கியாவது இடைவெளி விழாமல் பாருங்கள், காசு பிரச்சினை என்றால் கிளினிக் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

வாழைச்சேனை_மகன்

வாப்பாவுக்கு மார்பில் கட்டி. வயது 66. பெண்களின் வருத்தம் என்று வெளியில் சொல்லாமல் வைத்திருந்தோம், இப்போது பயொப்சியில் ஈ.ஆர். பொசிட்டிவ் என்று வந்திருக்கிறது. ஆண்களுக்கும் இந்தக் குளிசைதானா?

ஆரையம்பதி_அக்கா

தம்பி, நீங்கள் இங்கே எழுதியதே நல்லது. நான் கிளினிக்கில் ஆண்களைக் கண்டிருக்கிறேன், சேட்டுக்குள் கையை வைத்துக்கொண்டு கடைசி வாங்கில் தலைகுனிந்து இருப்பார்கள், யாரும் அவர்களோடு கதைப்பதில்லை.

களுவாஞ்சி_சேர்

ஆண்களிலும் மார்புத் திசு கொஞ்சம் இருக்கிறது, ஈஸ்ட்ரோஜனும் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய் வருகிற 100 பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். ஆண்களுக்கு வருவதில் 10இல் 9 அளவு ஈ.ஆர். பொசிட்டிவ்தான், அதனால் ஒப்பரேஷனுக்குப் பிறகு டமொக்சிபன் கொடுப்பார்கள். ஆண்களின் விரையும் ஈஸ்ட்ரோஜன் செய்வதால் லெட்ரோசோலைத் தனியாகக் கொடுப்பதில்லை. காலில் ஒரு பக்கம் வீக்கம், மூச்சு முட்டுதல் வந்தால் உடனே போக வேண்டும், டமொக்சிபனில் இரத்தம் உறையும் ஆபத்து கொஞ்சம் இருக்கிறது, அது ஆண் பெண் இரண்டு பேருக்கும்தான்.

செங்கலடி_வாசகி

சோயா மீட் சாப்பிடலாமா? அதில் பெண் ஹோர்மோன் இருக்கிறது என்று வட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு தரம் அதுதான் கறி, மச்சம் வாங்கக் கட்டாது.

கல்முனைத்_தாதி

தாராளமாகச் சாப்பிடுங்கள். சோயாவில் இருப்பது தாவரப் பொருள், ஈஸ்ட்ரோஜனைப் போல மிக மெல்லிதாக மட்டும் நடக்கும். சாப்பாட்டு அளவில் சோயா சாப்பிட்ட பெண்களுக்கு நோய் கூடுதலாகத் திரும்பியதாகக் காணவில்லை. சோயாச் சத்து என்று குளிசையாகவும் தூளாகவும் விற்கிறார்களே, அது வேண்டாம். சாத்தாவாரி, அதிமதுரம் சேர்ந்த லேகியங்களையும் கேட்காமல் எடுக்காதீர்கள். சோயா மீட்டையும் விட்டுவிட்டு வெறும் சோறும் சொதியும் சாப்பிட்டு உடம்பு மெலிந்து வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

தாழங்குடா_மகள்

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஆய்வுகூடத் தம்பி எழுதியதை அப்படியே பெரியம்மாவின் மருமகனுக்கு அனுப்பினேன், அவர் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் தானே விளக்கிச் சொன்னார். அது பெரிய காரியம், நான் சொன்னதை விட அவர் சொன்னது அம்மாவுக்கு ஏறியது.

நேற்று கிளினிக்குக்கு முந்தியே போனோம். கையைப் பார்த்துவிட்டுக் குளிசையைக் கொஞ்ச நாள் இடைவெளி விட்டு எக்செமெஸ்டேனுக்கு மாற்றி எழுதித் தந்தார்கள், எந்தத் திகதியில் தொடங்குவது என்று கொப்பியில் போட்டிருக்கிறது. எலும்பு அடர்த்திக்கும் எழுதினார்கள். வாய்திறந்து கேட்டபடியால்தான் எழுதினார்கள், தாதி அக்காவுக்கு அதற்குத் தனியாக நன்றி. அம்மா திரும்பி வரும்போது ஆட்டோவுக்குள் "நெருக்கிப் பின்னாமல் அகலப் பாய் இழைத்தால் விரலுக்குப் பயிற்சியாகுமோ" என்று கேட்டார், அதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

கல்முனைத்_தாதி

இழைக்கட்டும். ஒரே இருப்பில் நெடுநேரம் இருக்காமல், இடையில் எழும்பி நடந்துவிட்டு வந்து இழைக்கச் சொல்லுங்கள். ஒப்பரேஷன் செய்த பக்கத்துக் கை வீங்கினால் மட்டும் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும். பன் வெட்டும்போது அந்தக் கையில் கீறல் படாமல் பார்க்கவும், நெறிக்கட்டி எடுத்த கைக்குக் கிருமி இலகுவில் ஏறும்.

ஆய்வுகூடத்_தம்பி

கடைசியாக ஒரு வேலை, இந்த இழையை வாசிக்கிற எல்லோருக்கும். ரிப்போர்ட்டின் மேல் பக்கத்தில் ஆய்வுகூட இலக்கம் ஒன்று இருக்கும், அதை ஒரு கடதாசியில் தனியாக எழுதி வையுங்கள், ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்து வையுங்கள். வெள்ளத்தில் கொப்பி போனவர்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். அந்த இலக்கம் இருந்தால் மெழுகுக் கட்டையைத் தேடி எடுக்கலாம், தேவைப்பட்டால் மறுபடி சோதிக்கலாம், வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். பல வருடம் கழித்து நோய் வேறு இடத்தில் வந்தால் அங்கேயும் துண்டெடுத்து ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், முதல் கட்டியில் இருந்தது பிறகு மாறியிருக்கலாம், பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அடுத்த மருந்தை முடிவெடுப்பார்கள்.

செங்கலடி_வாசகி

எனக்கு 45 ஆகிறது, வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் இதையெல்லாம் வாசித்த பிறகு ஒருதரம் காட்டிவிடலாம் என்று இருக்கிறது. எங்கே போகலாம்?

கல்முனைத்_தாதி

உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் சுகவனிதையர் கிளினிக் நடக்கும், மார்பும் பார்ப்பார்கள், கர்ப்பப்பைக் கழுத்துக்கான சோதனையும் செய்வார்கள், காசு இல்லை. 35 வயதிலும் 45 வயதிலும் கட்டாயம் வரச் சொல்வது அதற்குத்தான். எந்தக் கிழமை என்று உங்கள் மிட்வைப் மிஸ்ஸிடம் கேளுங்கள். கட்டி, முலைக்காம்பு உள்ளே இழுபடுதல், இரத்தக் கசிவு, தோல் தடித்தல் என்று ஏதாவது இப்போதே இருந்தால் அந்த நாளைப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.